தொகையிடலை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கேள்வி. மலைமேல் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணிதம் எடுக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் மாணவர்கள் பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம், பெர்னோலி சூத்திரம் எல்லாம் தடையில்லாமல் போடுகிறார்கள். ஆனால் ஒரு தொட்டிச் சுவர்மீது தண்ணீர் எவ்வளவு விசையோடு தள்ளும் என்று கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்? தொகை நுண்கணிதத்தைப் பொறியியல் மாணவர்களுக்கு எப்படித் தொடங்கவேண்டும்?”

நான் இந்தப் பாடத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தவன். பாதிக்காலம் சமவெளியில், மீதி நீலகிரியில். இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். உங்களுக்கு நடப்பது எனக்கும் நடந்திருக்கிறது. சூத்திரம் தெரிந்த மாணவன் ஏன் தண்ணீர்த்தொட்டியின் முன்னால் திகைத்து நிற்கிறான் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நான் கண்டுகொண்டது இதுதான்: நீங்கள் எடுக்கும் விதத்தில் குறை இல்லை, எடுக்கும் வரிசையில்தான் இருக்கிறது.

பிளஸ் டூவிலிருந்து வரும் எந்த மாணவனையும் கேளுங்கள். “தொகையிடல் என்பது வகையிடலின் எதிர்ச்செயல்” என்பான். நோட்டின் முதல் வரி அதுதான். சொன்னது உண்மைதான், ஆனால் அதை முதலில் சொல்லியிருக்கக் கூடாது. அப்படித் தொடங்கினால் அடுத்த இரண்டு வருடமும் எதிர்ச்செயல் செய்யும் உத்திகளிலேயே போய்விடுகிறது. பரப்பளவு, கனஅளவு எல்லாம் கடைசி அத்தியாயத்தில் அவசர அவசரமாக வரும். அதனால் ∫ என்ற அந்த நீண்ட வளைந்த குறியைப் பார்த்ததும் பையன் மனத்தில் எழுவது ஒரே கேள்விதான்: எந்தச் சூத்திரம்? கடைசியில் நிற்கும் டி-எக்ஸ் அவனுக்கு வாக்கியத்தின் முற்றுப்புள்ளி மாதிரி. ஒரு வருடம் முதல் வகுப்பிலேயே “டி-எக்ஸ் எதுக்குப்பா?” என்று கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “சார், போடலைன்னா ஒரு மார்க் போயிடும்” என்றான். அவன் உண்மையைத்தான் சொன்னான். அவனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

ஆகவே முதல் மூன்று வகுப்புகளில் எதிர்ச்செயல் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி முதல் பருவக் கணிதத்தில் ஐந்து அலகுகள். நான்காவது தொகை நுண்கணிதம், ஐந்தாவது பன்மடித் தொகையிடல். ஓர் அலகுக்குப் பயிற்சி வகுப்பையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம். அதில் மூன்று மணி நேரத்தைச் சூத்திரம் இல்லாமல் கழிக்கச் சொன்னால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் மீதி ஒன்பதில் திரும்பக் கிடைத்துவிடும்.

அந்த மூன்றில் என்ன செய்வது?

நான் கொழுந்திலிருந்து தொடங்குவேன். இங்கே வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் தேயிலை பறிக்கிறவராக இருப்பார், அல்லது சொந்தமாக ஓர் ஏக்கர் வைத்திருப்பார். ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வந்த மாணவியிடம், “அம்மா காலையில் எப்படிப் பறிப்பாங்க, வேகமாகவா மெதுவாகவா?” என்று கேட்டேன். “எட்டு மணிக்கு இலையெல்லாம் ஈரமா இருக்கும் சார், பனியும் விலகியிருக்காது, கை ஓடாது. ஒன்பதுக்கு மேலதான் வேகம். பன்னிரண்டு ஆனா தளர்ந்துடுவாங்க” என்றாள். சரி, மணிக்கு எத்தனை கிலோ என்று அவளையே சொல்லச் சொன்னேன். எட்டிலிருந்து ஒன்பது வரை 3, அடுத்த மணியில் 5, அடுத்ததில் 6, அதற்கடுத்ததில் 4. பன்னிரண்டு மணிக்கு எடை போட்டால் 18 கிலோ. கரும்பலகையில் நான்கு செவ்வகங்கள் வரைந்தோம். ஒவ்வொன்றின் உயரம் ‘மணிக்கு இத்தனை கிலோ’, அகலம் ‘ஒரு மணி’, பரப்பு ‘கிலோ’.

இங்கே நிறுத்தி அலகைப் பேசவேண்டும். உயரத்தின் அலகையும் அகலத்தின் அலகையும் பெருக்கினால் பரப்பின் அலகு. மணிக்குக் கிலோ, பெருக்கல் மணி, கிலோ. டி-எக்ஸ் என்பது அந்த அகலம், அதற்கு அலகு உண்டு. அதைப் போடாவிட்டால் மார்க் போவதல்ல பிரச்சினை, கிலோ வராமல் ‘மணிக்குக் கிலோ’ அப்படியே நின்றுவிடும். இதைச் சொன்ன நாளில்தான் வகுப்பில் நிறையப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதே மாணவி அடுத்து ஒன்று கேட்டாள். “ஒரு மணி நேரம் முழுக்க ஒரே வேகத்துல பறிக்க மாட்டாங்களே சார்?” இந்தக் கேள்விக்காகத்தான் ஆசிரியர் காத்திருக்கவேண்டும். தானாக வரவில்லையென்றால் நீங்களே கேட்டுவிடுங்கள். அரை மணியாக நறுக்கு, கால் மணியாக நறுக்கு, நிமிடமாக நறுக்கு. நறுக்க நறுக்கச் செவ்வகங்களின் தலைகள் வளைகோட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. எல்லை என்ற கருத்து இப்படி வந்தால் யாருக்கும் சுமையாக இல்லை.

இதோடு ஒரு கூட்டல் செய்ய வையுங்கள். கால்குலேட்டர் இருந்தால் பத்து நிமிடம் போதும். 1-லிருந்து 10 வரை உள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டி 10-இன் கனத்தால் வகுத்தால் 0.385. நூறு வரை போனால் 0.33835. ஆயிரம் வரை போனால் 0.3338335. எங்கே போய் நிற்கும் என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று என்று யாராவது கத்துவார்கள். எக்ஸ் வர்க்கத்தின் தொகையீடு எக்ஸ் கனத்தின் மூன்றில் ஒன்று என்று அவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்த ‘மூன்று’ எங்கிருந்து வந்தது என்பதை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறார்கள். கூடலூர் தாண்டினால் கேரளம். ஐரோப்பாவில் நியூட்டனும் லைப்னிட்ஸும் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே அந்த மண்ணில் மாதவரின் வழிவந்த கணித அறிஞர்கள் இதே கூட்டலைச் செய்து, இதே விகிதத்தைக் கண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜ்யேஷ்டதேவர் அதை மலையாள உரைநடையில் விளக்கி எழுதியிருக்கிறார். பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கணிதம் எங்கோ தூரதேசத்தில் செய்து கப்பலில் வந்த சரக்கு என்ற எண்ணம் கொஞ்சமாவது கரையும்.

அந்த நீண்ட குறியும் கூட்டல்தான். லைப்னிட்ஸ் 1675 அக்டோபர் 29-இல் தன் கையெழுத்துக் குறிப்பில் அதை முதலில் எழுதினார். கூட்டுத்தொகைக்கான லத்தீன்சொல்லின் முதல் எழுத்தை இழுத்து நீட்டியதுதான் அது. தமிழில் நமக்கு இந்த விளக்கம்கூடத் தேவையில்லை. தொகு, தொகை, தொகையிடல். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை கல்லூரியில் ‘இன்டெக்ரேஷன்’ என்று சொல்லப் பழகும்போது, கையில் இருந்த பொருளைத் தொலைத்துவிட்டு வெறும் ஒலியை எடுத்துக்கொள்கிறது. நான் இரண்டு சொல்லையும் கலந்தே பேசுவேன். நீங்களும் அப்படிச் செய்யலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இனி அணை. உங்கள் கேள்வியே தண்ணீர்ச் சுவரைப் பற்றியது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீலகிரியில் அணைக்குப் பஞ்சமில்லை. பைக்காரா, முக்குருத்தி, அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று பிள்ளைகளே அடுக்குவார்கள். மலையில் அணை எழும்புவது பெரும்பாலும் பள்ளத்தாக்கின் இடுக்கில். அதனால் முன்னாலிருந்து பார்த்தால் தண்ணீர் முட்டும் சுவர் செவ்வகமாக இருப்பதில்லை, மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். கணக்குக்காக ஒரு தலைகீழ் முக்கோணம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே அகலம் 60 மீட்டர், ஆழம் 20 மீட்டர், அடியில் ஒரு புள்ளி. தண்ணீர் தளும்ப நிற்கிறது. சுவர்மீது மொத்த விசை எவ்வளவு?

நியூட்டனில் வேண்டாம், முதலில் டன்னில் கேளுங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் அழுத்தம், 15 மீட்டரில் 15 டன். இது எல்லோருக்கும் உடனே பிடிபடும்.

பிறகு தொகையிடலைப் பற்றிப் பேசாமல் ஊகம் கேளுங்கள். ஒரு சிலர் சொல்வது: சுவரின் பரப்பு 600 சதுர மீட்டர், அடியில் அழுத்தம் 20 டன், பெருக்கினால் 12,000 டன். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் சொல்வது: மேலே அழுத்தம் பூஜ்யம், அடியில் 20, சராசரி 10, அதனால் 6,000 டன். இரண்டையும் பலகையில் எழுதி வையுங்கள். எது சரி என்று சொல்லாதீர்கள்.

இப்போது இருபது பேரை எழுப்புங்கள். சுவரைக் கிடைமட்டமாக ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கு ஒரு பட்டையாக நறுக்கினால் இருபது பட்டை. ஆளுக்கொரு பட்டை. அகலம் எங்கே எவ்வளவு என்பதை அவர்களே கண்டுபிடிக்கவேண்டும்: மேலே 60, இருபது மீட்டர் இறங்கினால் பூஜ்யம், அப்படியானால் மீட்டருக்கு 3 குறைகிறது. ஆழம் இவ்வளவு என்றால் அகலம் 60-இலிருந்து அந்த ஆழத்தைப்போல் மும்மடங்கைக் கழித்தது. முதல் பட்டைக்காரன் நடு ஆழம் 0.5 என்று எடுத்துக்கொள்கிறான். அகலம் 58.5. அழுத்தம் 0.5. விசை 29.25 டன். கடைசிப் பட்டைக்காரிக்கு ஆழம் 19.5, அகலம் 1.5. பெருக்கிப் பார்க்கிறாள், அதுவும் 29.25. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாவதும் பத்தொன்பதாவதும் 83.25. நடுவில் நிற்கும் இருவருக்கும் 299.25. அடியில்தான் தண்ணீர் அதிகமாகத் தள்ளும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அழுத்தம் அடியில் அதிகம், ஆனால் அங்கே தள்ளுவதற்குச் சுவரே இல்லை. மேலே சுவர் அகலம், ஆனால் தள்ளும் வலு இல்லை. நடுவில்தான் இரண்டும் சேர்கின்றன.

இருபதையும் கூட்டினால் 4,005 டன். பட்டையை மெல்லியதாக்கித் தொகையிட்டால்: ஆழத்தை அகலத்தால் பெருக்கினால் 60 × ஆழம் − 3 × ஆழத்தின் வர்க்கம். அதன் தொகையீடு 30 × ஆழத்தின் வர்க்கம் − ஆழத்தின் கனம். 0-விலிருந்து 20 வரை எடுத்தால் 12,000 கழித்தல் 8,000. சரியாக 4,000 டன். இருபது பிள்ளைகள் எழுந்து நின்று கூட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் 5 டன்தான்.

பலகையில் இப்போது மூன்று எண்கள் இருக்கும்: 12,000, 6,000, 4,000. இங்கே அவசரப்படாதீர்கள். 6,000 என்று சொன்னவனை உட்கார வைத்துவிடாமல், அவன் கணக்கு எந்தச் சுவருக்குச் சரி என்று கேளுங்கள். செவ்வகச் சுவருக்குச் சரி. அங்கே எல்லா ஆழத்திலும் அகலம் ஒன்றே என்பதால் அழுத்தத்தின் சராசரியை எடுத்துப் பெருக்கினால் போதும். முக்கோணத்தில் பரப்பில் பெரும்பகுதி மேலே, குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது. சராசரி எங்கே ஏமாற்றும், எங்கே ஏமாற்றாது என்பது பொறியாளருக்குத் தெரிந்திருக்கவேண்டிய விஷயம். இயக்கவியல் ஆசிரியர் பின்னால் வந்து பரப்புமையம் சொல்லித்தரும்போது, முக்கோணத்தின் பரப்புமையம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில், அதாவது 20/3 மீட்டரில் இருப்பதும், 600-ஐ அதனால் பெருக்கினால் இதே 4,000 வருவதும் அவர்களுக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு முழு வகுப்பு இதற்கே போய்விடும். போகட்டும். கவனித்தீர்களா, இதில் தொகையிடும் வேலை இரண்டே வரி. மீதி முழுக்கப் பட்டை எந்தப் பக்கம் நறுக்குவது, அந்தப் பட்டை முழுவதிலும் எது மாறாமல் இருக்கிறது, எதை எதனால் பெருக்குவது என்ற முடிவுகள். செங்குத்தாக நறுக்கியிருந்தால் ஒரே பட்டையில் ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், பெருக்க முடியாது. இந்த முடிவுகளைத்தான் நாம் பையனுக்கு விட்டுவைப்பதே இல்லை. தொகையிடவேண்டிய சார்பை நாமே எழுதிக்கொடுத்துவிட்டு, “செய்” என்கிறோம். செய்வதைக் கைப்பேசியே செய்துவிடும். கேமராவைக் காட்டினால் வழிமுறையோடு விடை வந்துவிடுகிறது. எந்தப் பட்டை என்பதை அது கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அதைச் சொல்ல ஒரு பொறியாளர் வேண்டும்.

நான்காவது வகுப்பில் எதிர்ச்செயலுக்கு வரலாம். அதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் நம் மலை ரயில்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். பாதை நெடுக ஒவ்வொரு இடத்திலும் சரிவு வேறு. கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள பல்சக்கரப் பகுதியில் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது, மற்ற இடங்களில் அவ்வளவு இல்லை. ஒவ்வொரு சின்னத் துண்டிலும் சரிவை அந்தத் துண்டின் நீளத்தால் பெருக்கினால் அந்தத் துண்டில் ஏறிய உயரம். 46 கி.மீ.க்கும் இப்படிக் கூட்டினால் மொத்த ஏற்றம். இது தொகையிடல். இவ்வளவு தூரம் வகுப்பே சொல்லிவிடும்.

அப்புறம் கேளுங்கள்: “இந்தக் கூட்டலைச் செய்யாமலே விடை சொல்ல முடியுமா?” கொஞ்ச நேரம் அமைதி. பிறகு யாராவது ஒருவர் ஸ்டேஷன் பலகையைச் சொல்வார். ஒவ்வொரு ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையிலும் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். இரண்டு பலகையைப் பார்த்துக் கழித்தால் தீர்ந்தது. 2,203 − 326 = 1,877 மீட்டர். வழியில் எத்தனை ஆயிரம் துண்டு இருந்தாலும் கவலையில்லை.

நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் இதுதான். சரிவு என்பது உயரத்தின் வகையீடு. சரிவுகளைத் தொகுத்தால் உயர வித்தியாசம். உயரத்தைச் சொல்லும் சார்பு கையில் இருந்தால் இரண்டு முனையிலும் அதன் மதிப்பைப் பார்த்துக் கழித்தால் போதும். எதிர்ச்செயலை ஏன் தேடுகிறோம் என்றால், அது ஸ்டேஷன் பலகை எழுதும் வேலை. அந்தப் பலகை கிடைத்துவிட்டால் நீண்ட கூட்டல் மிச்சம். எதிர்ச்செயல் தொகையிடலின் பொருள் அல்ல, அதற்குக் கிடைத்த ஒரு குறுக்குவழி. இந்த ஒரு வாக்கியத்தை வகுப்பு புரிந்துகொண்டால் போதும்.

தொகையிடல் மாறிலிக்கும் அதே பலகை விடை சொல்லும். ‘சி’ எதற்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, மறந்தால் மார்க் குறையும் என்று மட்டும் தெரியும். கடல்மட்டத்துக்குப் பதில் மேட்டுப்பாளையத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் எல்லாப் பலகையிலும் 326 குறையும். ஊட்டி 1,877 ஆகிவிடும். ஆனால் எந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையிலான வித்தியாசம் மாறவே மாறாது. எங்கிருந்து அளக்கிறோம் என்ற அந்தச் சுதந்திரம்தான் மாறிலி. அதனால்தான் எல்லை குறித்த தொகையிடலில் அது தானாக ரத்தாகிறது.

இன்னொன்றும் இந்தப் பாதையிலேயே இருக்கிறது. ஊட்டிக்கு முன்னால் வரும் லவ்டேல் நிலையம் ஊட்டியைவிட உயரம். அங்கிருந்து ரயில் இறங்கித்தான் ஊட்டிக்கு வருகிறது. இறங்கும்போது சரிவு எதிர்மம், அந்தத் துண்டுகள் கழிகின்றன. எக்ஸ் அச்சுக்குக் கீழே உள்ள பரப்பு ஏன் எதிர்மமாகிறது என்று கேட்கும் மாணவனுக்கு லவ்டேலைக் காட்டுங்கள். பலகையைக் கழித்தால் கிடைப்பது நிகர ஏற்றம், எஞ்சின் உண்மையில் ஏறியதெல்லாம் சேர்த்தால் அதைவிட அதிகம். இரண்டும் வேறு கேள்விகள். எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடவேண்டும்.

உத்திகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம், முக்கோணவியல் பிரதியீடு எல்லாவற்றையும் நீங்கள் நன்றாகவே எடுப்பீர்கள். பகுதித் தொகையிடலில் எந்தச் சார்பை முதலில் எடுப்பது என்று நினைவில் வைக்க உதவும் ‘ஐலேட்’ வரிசையையும் சொல்லிக்கொடுங்கள், தப்பில்லை. இரண்டு இடத்தில் மட்டும் நின்று போங்கள். ஒன்று, பிரதியிடும்போது எல்லைகளையும் மாற்றுவது. பாதையை மீட்டரில் அளந்துகொண்டிருந்தவர் அடிக்கு மாறினால் நிலையத்தின் தூரமும் அடியில் சொல்லவேண்டும் அல்லவா, அப்படி. இரண்டாவது, எக்ஸ் வர்க்கத்தால் 1-ஐ வகுத்த சார்பை −1-லிருந்து 1 வரை தொகையிடச் சொல்வது. வகுப்பு முழுவதும் சூத்திரம் போட்டு −2 என்று எழுதும். எங்கேயும் எதிர்மமாகாத ஒரு சார்பின் பரப்பு எப்படி எதிர்மமாகும் என்று கேளுங்கள். நடுவில் பூஜ்யத்தில் அந்தச் சார்பு விண்ணுக்குப் போய்விடுகிறது, அங்கே தண்டவாளமே அறுந்திருக்கிறது. அறுந்த பாதையில் இரண்டு பலகையைக் கழித்து என்ன பயன்? விடை வந்ததும் இது நடக்கக்கூடியதா என்று ஒருமுறை பார்க்கும் பழக்கம் இந்த ஒரு கணக்கிலேயே வந்துவிடும்.

சார்பின் சில மதிப்புகளை மட்டும் வைத்துத் தொகையைக் கணிக்கும் எண்முறைத் தொகையிடலை அதே 2021 பாடத்திட்டம் இரண்டாம் பருவத்துக்குத் தள்ளியிருக்கிறது. சரிவகவிதியும் சிம்ப்சன் விதியும் அங்கேதான் வருகின்றன. இதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. முதல் பருவத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சிம்ப்சனைக் காட்டிவிடுங்கள். ஏனென்றால் வேலைக்குப் போனபிறகு சூத்திரமாகக் கிடைக்கும் சார்பு அரிது. மலைச்சாலையை அகலப்படுத்த மண் வெட்டும்போது பத்து மீட்டருக்கு ஒருமுறை குறுக்குவெட்டுப் பரப்பை அளந்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஏரியின் கொள்ளளவுக்குச் சமஉயரக்கோட்டுப் பரப்புகள்தான் கையில் இருக்கும்.

இதற்கு நான் கூட்டிப்போகும் இடம் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி. வானொலி வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் அமைந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான் அதன் பிரதிபலிக்கும் பரப்பு. மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையோடு, ஏறத்தாழ 11 பாகையோடு, ஒத்துப்போகும்படி இடத்தைத் தேடித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது, ஒரே அச்சில் திருப்பினால் ஒரு வானொலி மூலத்தைப் பல மணி நேரம் தொடர முடிகிறது. அதன் குறுக்குவெட்டு ஒரு பரவளையம். இங்கே கேள்வி: வாய் அகலம் 30 மீட்டர் என்றால், வளைவோடு போய் அளந்தால் எவ்வளவு? கம்பிகளை எவ்வளவு நெருக்கமாக வைக்கிறோம் என்று கணக்கிட அந்த நீளம்தானே வேண்டும்.

உண்மையான பரவளையத்தின் அளவை வைத்துக் குழப்பிக்கொள்ளாமல், வகுப்புக்காக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: எக்ஸ் வர்க்கத்தை 40-ஆல் வகுத்தது. சரிவு, எக்ஸை 20-ஆல் வகுத்தது. வில்லின் நீளத்துக்குச் சரிவின் வர்க்கத்தோடு 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, −15-லிருந்து 15 வரை தொகையிடவேண்டும். முறையாகச் செய்தால் 18.75-உடன், 2-இன் இயல்மடக்கையைப்போல் 20 மடங்கைக் கூட்டவேண்டும், 32.613 மீட்டர். பிரதியீடு, முற்றொருமை என்று ஒரு பக்கம் ஆகும். சிம்ப்சனில் பாதி அகலத்துக்கு மூன்றே மதிப்புகள் போதும்: நடுவில் 1, 7.5 மீட்டரில் 1.068, விளிம்பில் 1.25. முதலும் கடைசியும் ஒரு மடங்கு, நடு நான்கு மடங்கு, கூட்டினால் 6.522. 7.5-ஐ மூன்றால் வகுத்த 2.5-ஆல் பெருக்கினால் 16.305. இரட்டித்தால் 32.61. முப்பத்திரண்டரை மீட்டருக்கு மேல் நீளத்தில் பிழை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஒரு பக்கக் கணக்கையும் இந்த நான்கு வரியையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றை ஒன்று சரிபார்க்கும். அதன்பிறகு நீளமான கணக்கில் குறி மாற்றிப் போட்ட தவற்றை மாணவர்களே கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சிம்ப்சன் பிறப்பதற்கு முன்பே, 1615-இல், கெப்ளர் திராட்சை மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை அளக்க இதே 1, 4, 1 விகிதத்தைப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதையும் போகிற போக்கில் சொல்லலாம்.

ஐந்தாவது அலகில் ஒன்றே ஒன்று. இரட்டைத் தொகையிடலைத் துருவ ஆயங்களுக்கு, அதாவது மையத்திலிருந்து தூரம் ‘ஆர்’, கோணம் ‘தீட்டா’ என்ற இரண்டுக்கு, மாற்றும்போது ‘ஆர்’ என்ற ஒரு பெருக்கலைப் பாதி வகுப்பு மறக்கும். “யாக்கோபியன்” என்று சொல்லி அணிக்கோவை போட்டுக்காட்டினால் மனப்பாடம் ஆகும், மனத்தில் நிற்காது. மலைச்சரிவில் தேயிலையைச் சமஉயரத்தில் வளைவு வளைவாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். குன்றின் உச்சியை மையமாக வைத்து அதே கோணத்துக்குள் நின்றால், உச்சிக்குப் பக்கத்து வரிசையில் பத்துச் செடி, கீழே போகப் போக இருபது, முப்பது. கோணம் ஒன்றுதான், ஆனால் தூரம் கூடக் கூட வில் நீள்கிறது. அந்த நீட்சிதான் ஆர். சிறு துண்டின் ஒரு பக்கம் டி-ஆர், மறுபக்கம் டி-தீட்டா அல்ல, ஆர் × டி-தீட்டா. டி-தீட்டாவுக்கு நீளத்தின் அலகே கிடையாது, அதை வைத்துச் சதுர மீட்டர் வராது என்று கொழுந்துக் கணக்கில் கற்ற பாடத்தை இங்கே அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தேர்வு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனத்தில் இருக்கும். பதினாறு மதிப்பெண் கேள்விகள் பெரும்பாலும் உத்தி சார்ந்தவைதான், அதற்குப் பயிற்சி வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். உங்கள் கையில் இருப்பது அகமதிப்பீடு. அதில் ஒரு கேள்வியை மட்டும் இப்படி வையுங்கள்: தொகையிட வேண்டாம், தொகையை எழுதிக்காட்டினால் போதும். எப்படி நறுக்கினாய், ஒரு துண்டின் மதிப்பு என்ன, அலகு என்ன, எங்கிருந்து எங்கே வரை. நான்கு வரி. விடை கேட்காததால் அந்தக் கேள்வியில் பயம் இருக்காது. சூத்திரம் தெரியாமல் பின்தங்கிய சிலர் இதில் முழு மதிப்பெண் வாங்குவதைப் பார்ப்பீர்கள். பள்ளியில் இயற்கணிதம் சரியாக அமையாத பிள்ளைகள் அவர்கள், சிந்தனையில் குறைவு இல்லை. எனக்கு அப்படி வந்த ஒரு மாணவன், அந்தப் பருவம் முழுக்கப் பகுதிப் பின்னத்தில் தடுமாறினான். முக்கோண அணைக் கணக்கில் பட்டையைக் கிடைமட்டமாக நறுக்கவேண்டும் என்று வகுப்பில் முதலில் சொன்னது அவன்தான்.

உங்கள் அடுத்த வகுப்புக்கு முன்னால், பிள்ளைகளில் ரயிலில் வருகிறவர் யாராவது இருந்தால், குன்னூரிலிருந்து ஊட்டி வரை வழியில் உள்ள ஒவ்வொரு நிலையத்தின் உயரப் பலகையையும் படம் எடுத்துவரச் சொல்லுங்கள். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். எண்களை நிலையங்களின் தூரத்தோடு பலகையில் வரிசையாக எழுதிவிட்டு, எந்த இரண்டு நிலையத்துக்கு நடுவில் ஏற்றம் மிகக் கடினம் என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள். மீதியை அவர்கள் பேசட்டும்.